வழங்கலும் ஏற்றலும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் ஆனி, ஆடித் திங்கள்களில் இப்பகுதியின் திறந்தவெளிக் களங்களில் கைப்பந்து ஆடுவோர், எதிரணியோடு காற்றையும் எதிர்கொள்ள வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, வலையைக் கடந்துவரும் பந்தையும் திசைமாற்றிவிடும். இத்தகைய களத்தில் இரு அணிகளுக்கும் ஆட்டம் நேர்மையாக அமைய விதிகளே துணை.

வாலிபால் எனப் பரவலாக அறியப்படும் இவ்விளையாட்டை 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் உருவாக்கினார். ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடையது. வலையின் உயரம் ஆடவர்க்கு 2.43 மீட்டர், மகளிர்க்கு 2.24 மீட்டர்.

சர்வீஸ் எனப்படும் பந்து வழங்கல், பிறர் இடையூறின்றி ஒருவர் தம் விருப்பப்படி நிகழ்த்தும் ஒரே அடியாகும். இவ்வளவு உரிமை உடையவர்க்குக் கட்டுப்பாடுகளும் மிகுதி. நடுவர் ஊதியபின் 8 நொடிகளுக்குள் அவர் பந்தை அடித்தல் வேண்டும். பந்தைக் கையிலிருந்து மேலெறிந்தோ விடுவித்தோ ஒரு கையால் மட்டுமே அடிக்கலாம். அடிக்கும் நொடியில், தாவி அடிப்பவராயின் தாவும் நொடியில், கால் கடைக்கோட்டை மிதித்தல் ஆகாது. அடித்தபின் களத்திற்குள் வரலாம். பந்து வலையின் மேல்விளிம்பில் உரசி எதிர்க்களத்தில் விழுந்தாலும் அது செல்லும். எதிரணியினர் பந்தைக் காண இயலாதவாறு வழங்கும் அணியினர் மறைத்து நிற்றல் தவறு.

ஏற்பவரோ, பந்து எங்கு வரும் என அறியாமல் காத்திருப்பவர். ஆதலின் விதிகள் அவருக்குச் சற்று நெகிழ்ந்து கொடுக்கின்றன. முதல் தொடுதலின்போது ஒரே முயற்சியில் பந்து அவருடைய கை, தோள், மார்பு என அடுத்தடுத்துப் பட்டாலும் தவறாகாது. எனினும், பந்தைப் பிடித்தலோ எறிதலோ கூடாது. மூன்று தொடுதல்களுக்குள் பந்தை எதிர்க்களத்திற்கு அனுப்பிவிட வேண்டும். வழங்கப்பட்ட பந்தை வலையருகே நின்று தடுத்தலும் விலக்கப்பட்டுள்ளது. அதனால் வழங்கியவரின் உழைப்பும் காக்கப்படுகிறது.

முற்காலத்தில் வழங்கும் அணி மட்டுமே புள்ளி பெற இயலும். இன்றைய முறையில் வழங்குபவர் தவறிழைத்தால் எதிரணிக்குப் புள்ளியும் வழங்கும் உரிமையும் ஒருங்கே சேரும். 24க்கு 24 என நிற்கும் ஆட்டத்தில் கடைக்கோட்டை மிதித்த ஒரு கால், வெற்றியின் விளிம்பில் எதிரணியை நிறுத்திவிடும். நாணயச் சுண்டலில் வென்றவர் வழங்கல், ஏற்றல், களத்தின் பக்கம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆயினும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அணிகள் பக்கம் மாறுகின்றன. 15 புள்ளிகள் கொண்ட ஐந்தாம் சுற்றில் ஓரணி 8 புள்ளி பெற்றதும் மாறுகின்றன. இதனால் காற்றின் துணையும் தடையும் இரு அணிகளுக்கும் பங்கிடப்படுகின்றன.

ஊர்ப்புறக் களங்களில் மாலைதோறும் நிகழும் ஆட்டங்களுக்கு நடுவர் இருப்பதில்லை. சுண்ணாம்புக் கோடும் பாதி அழிந்திருக்கும். அங்கே கோட்டை மிதித்தவரே அதனை முதலில் அறிவார். அவர் வாய்திறந்து சொல்லும்போதுதான் அக்களத்தில் விதி நிலைபெறுகிறது.