கற்கண்டு போல் வளரும் குறைகடத்தி

கெட்டியான சர்க்கரைப் பாகில் ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பொறுமையாக ஆறவிட்டால், அந்த நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு வளரும். சூரிய மின்தகடுகளில் பயன்படும் சில குறைகடத்திப் படலங்களையும் இதேபோல் கரைசலிலிருந்தே வளர்க்கிறார்கள். விஞ்ஞானிகள் இதை 'இரசாயனக் குளியல்' முறை என்கிறார்கள்.

இது புதிய வித்தையல்ல. அயர்லாந்து வேதியியலாளர் எமர்சன் ரெனால்ட்ஸ் 1884-ஆம் ஆண்டிலேயே ஈய சல்பைடைக் கண்ணாடிபோல் பளபளக்கும் படலமாகப் படியவைத்துக் காட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை உணரும் கருவிகளுக்கு ஈய சல்பைடுப் படலங்கள் பயன்பட்டன.

இன்று அதிகம் பேசப்படுவது காட்மியம் சல்பைடு. ஒரு காட்மியம் உப்பு, கந்தகம் தரும் தயோயூரியா, அம்மோனியா ஆகிய மூன்றையும் நீரில் கலந்து, ஏறக்குறைய 60 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அதில் தகட்டை மூழ்கவைத்தால் சில நிமிடங்களில் மஞ்சள் படலம் படிகிறது. சூரிய மின்கலத்துக்கு 50 நானோமீட்டர் கனமே போதும். நம் தலைமுடி அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் தடிமனானது!

இதன் சூட்சுமம் நிதானம்தான். காட்மியமும் கந்தகமும் ஒரே நேரத்தில் சந்தித்தால், மஞ்சள் தூளாகி அடியில் தங்கிவிடும். தகட்டில் சரியாக ஒட்டாது. அம்மோனியா காட்மியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. தயோயூரியாவும் மெல்ல மெல்லவே கந்தகத்தை வெளிவிடுகிறது. அதனால் படலம் தகட்டின் மேடுபள்ளங்களையெல்லாம் சீராக மூடி வளர்கிறது. வெற்றிட அறையோ, கடும் வெப்பமோ தேவையில்லை. செலவும் குறைவு.

ஆனால், மிச்சமாகும் கரைசலை என்ன செய்வது? கலந்த காட்மியத்தில் பெரும்பகுதி தகட்டில் ஒட்டாமல் நீரிலேயே தங்கிவிடுகிறது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். ஜப்பானின் தொயாமா வட்டாரத்தில் சுரங்கக் கழிவிலிருந்து வந்த காட்மியம் ஆற்று நீரிலும் அரிசியிலும் கலந்து, மக்களின் எலும்புகளை நொறுக்கிய 'இத்தாய் இத்தாய்' நோயை 1968-இல் அந்நாட்டு அரசே ஒப்புக்கொண்டது.

எனவே, கழிவுநீரிலிருந்து காட்மியத்தைப் பிரித்தெடுத்த பிறகே அதை வெளியேற்ற வேண்டும். துத்தநாகச் சேர்மங்களை மாற்றாகப் பயன்படுத்தும் முயற்சியும் பலன் தந்திருக்கிறது. அதே ஜப்பானைச் சேர்ந்த சோலார் ஃபிரன்டியர் நிறுவனம், காட்மியமே இல்லாத மெல்லிய படல மின்கலத்தில் 23.35 விழுக்காட்டுத் திறனை எட்டியதாக 2019-இல் அறிவித்தது.

சூரிய ஒளி தூய்மையானதுதான். அதைப் பிடிக்கும் தகட்டைச் செய்யும் தொட்டியும் தூய்மையாக இருந்தால்தான் அந்தப் பெருமை முழுமையாகும்.