'டிரைப்' என்னும் சொல்லும் அதன் தமிழ்ப் பெயர்ப்புகளும்: உசிலம்பட்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

'டிரைப்' என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீனில் ஆட்சிப் பிரிவு ஒன்றன் பெயராக வழங்கியது. விவிலிய மொழிபெயர்ப்பின் வழியே அது குலத்தைக் குறித்தது. குடியேற்ற ஆட்சியின் சட்டத்தில் குற்றத்தோடு இணைக்கப்பட்டது. தமிழில் அது கோத்திரம், பரம்பரை, பழங்குடி, மரபு எனப் பலவாறு பெயர்க்கப்பட்டுள்ளது. இப்பெயர்ப்புகள் மூலச்சொல்லில் இல்லாத பொருள்களையும் ஏற்றியுள்ளன என்பதை உசிலம்பட்டி வட்டாரச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: டிரைப், குற்றப்பரம்பரை, பழங்குடி, சீர்மரபினர், சொற்பொருள் மாற்றம்.

முன்னுரை

உசிலம்பட்டி வட்டாரத்தில் சாதிச் சான்றிதழ் பெறச் செல்வோர் 'டி.என்.சி.', 'டி.என்.டி.' என்னும் இரு சுருக்கங்களை நன்கு அறிவர். இரண்டுக்கும் வேறுபாடு ஈற்றெழுத்து ஒன்றே. முன்னது 'கம்யூனிட்டி', பின்னது 'டிரைப்'. இவ்வோரெழுத்தின் பொருட்டு நெடுங்காலம் கோரிக்கைகளும் போராட்டங்களும் நிகழ்ந்துள்ளன. எனவே இச்சொல்லின் வரலாற்றை ஆராய்வது சொல்லாய்வு என்ற அளவில் நின்றுவிடுவதன்று.

சொல்லின் தோற்றம்

'டிரைப்' என்பதன் மூலம் 'டிரிபுஸ்' என்னும் இலத்தீன் சொல். தொல் உரோமைமக்கள் மூன்று பிரிவினராக இருந்தமையால் 'மூன்று' என்னும் எண்ணடியாக அச்சொல் பிறந்தது என்பது வார்ரோ முதலிய பழைய இலக்கணியர் கொள்கை. அம்பிரிய மொழியில் 'டிரிஃபு' என்பது ஊர்ச்சமூகத்தைக் குறித்தமையைக் காட்டி இக்கொள்கையை ஐயுறுவோரும் உளர். வேர் எதுவாயினும் வழக்கு தெளிவானது. கி.மு. 241 அளவில் உரோமையில் 35 டிரிபுஸ்கள் இருந்தன. அவற்றுள் 4 நகரத்தன, 31 நாட்டுப்புறத்தன. வாக்களித்தலுக்கும் வரிக்கும் படைக்கும் உரிய பிரிவுகள் அவை. புதிதாகக் குடியுரிமை பெற்றவரும் ஒரு பிரிவில் பதிவு செய்யப்பட்டார். ஒரு பிரிவினின்று மற்றொன்றுக்கு ஒருவரை மாற்றும் அதிகாரமும் கணிப்பாளர்க்கு இருந்தது. ஆகவே ஒருவர் எந்த டிரிபுஸைச் சேர்ந்தவர் என்பதை உறுதி செய்தது பதிவேடே. திறையைக் குறிக்கும் 'டிரிப்யூட்', தீர்ப்பாயத்தைக் குறிக்கும் 'டிரிப்யூனல்' ஆகியனவும் இவ்வேரின் கிளைகளே.

ஆங்கிலத்துள் இச்சொல் 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக நுழைந்தபோது இசுரயேலின் பன்னிரு குலங்களையே சுட்டியது. எபிரேய மூலத்தில் அவற்றைக் குறிக்கும் 'சேவெத்' என்னும் சொல்லுக்குக் கோல் என்பதும் பொருள். கோலின் பெயர் குலத்தின் பெயராகி, இலத்தீன் மொழிபெயர்ப்பில் வாக்குப் பிரிவின் பெயரை ஏற்றது. தமிழ் விவிலியம் அதனைக் 'கோத்திரம்' என்றது. இந்நிலைவரை இச்சொல்லில் இழிபொருள் ஏதும் இல்லை.

சட்டத்தில் சொல்

1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் 'டிரைப்', 'கேங்', 'கிளாஸ்' ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து நிறுத்தியது. கும்பல் செயலால் சேர்வது. வகுப்பு பகுப்பவரால் அமைவது. குலம் பிறப்பால் வருவது. மூன்றும் ஒரே தொடரில் நின்றமையால் கும்பலுக்குரிய குற்றச்சாட்டு பிறப்பின் மேலும் படிந்தது.

வடபுலத்தில் தொடங்கிய இச்சட்டம் 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அப்பத்தாண்டிலேயே உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிப் பிரமலைக் கள்ளர் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். விரல் ரேகை பதிதலும், இரவில் குறித்த இடத்தில் தங்குதலும், வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு'ப் பெறுதலும் கடமையாயின. ரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 3.4.1920 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில், மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர்.

இச்சட்டத்தை இவ்வட்டார மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். இது சொல்லாய்வாளர் கருதத்தக்கது. அரசின் பெயர் மக்களின் பிறப்பைச் சுட்ட, மக்களின் பெயர் அரசின் செயலைச் சுட்டியது.

'டிரைப்' என்பதன் பொருள் நிலையற்றது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. சட்டம் 'டிரைப்' எனப் பதிந்த அதே மக்களை ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1957இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அவர்களைத் 'துணைச்சாதி' எனக் குறித்தார்.

தமிழ்ப் பெயர்ப்புகள்

பரம்பரை: ஒன்றன்பின் ஒன்றாக வரும் தொடர்ச்சியே இதன் பொருள். 'குருபரம்பரை' என்பதில் தொடர்வது கல்வியும் நெறியும், பிறப்பு அன்று. 'குற்றப்பரம்பரை' என்னும் தொடரிலோ ஆங்கிலத்தில் உட்கிடையாக இருந்த வழிவழிப் பொருள் வெளிப்படையாயிற்று. சட்டம் கருதியதைச் சட்டத்தினும் அழுத்தமாக இம்மொழிபெயர்ப்பு கூறிவிட்டது.

பழங்குடி: திருக்குறளின் குடிமை அதிகாரத்தில் (குறள் 955) இச்சொல் வறுமையிலும் பண்பு குன்றாத தொன்மைக் குடும்பத்தைக் குறிக்கிறது. இன்று அரசமைப்பின் 342ஆம் உறுப்பின்படி பட்டியலிடப்பட்டோரைக் குறிக்கிறது. அரசமைப்போ 'டிரைப்' எது என வரையறுக்கவில்லை. பட்டியலில் உள்ளதே பழங்குடி என்கிறது. உரோமையில் போலவே இங்கும் பதிவேடே பொருளைத் தருகிறது.

சீர்மரபினர்: சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுமைக்கும் 1952இலும் இச்சட்டம் நீங்கியது. அதன்பின் வந்த ஆங்கிலத் தொடர் அறிவிக்கையினின்று நீக்கப்பட்டோர் என்று மட்டுமே பொருள்படும். நீக்கத்தைச் செய்தது அரசு. 'சீர்மரபினர்' என்னும் தமிழாக்கத்தில் அரசின் செயல் மறைகிறது. இதனைச் 'சீரிய மரபினர்' என விரித்தால் பெருமை. 'சீர்செய்யப்பட்ட மரபினர்' என விரித்தால் முன்பு சீர்கெட்டிருந்த மரபு என்னும் குறிப்பு. 'கள்ளர் சீரமைப்பு' என்னும் துறைப்பெயர் இரண்டாம் பொருளுக்கே வலுவூட்டுகிறது. எனினும் தாய்மாமன் கொணரும் வரிசையைச் 'சீர்' என்று போற்றும் இவ்வட்டாரத்தில் முதற்பொருளே செவிக்கு இயல்பாகப் படுகிறது.

தமிழக அரசு 1979இல் 'டிரைப்' என்பதைக் 'கம்யூனிட்டி' என மாற்றியது. 2019இல் மாநிலப் பயன்களுக்கு ஒன்றும் மத்திய அரசின் நலத்திட்டங்களுக்கு மற்றொன்றுமாக இரு பெயர்களும் ஏற்கப்பட்டன. ஒரு காலத்தில் ஒறுத்தலுக்குக் கருவியான சொல் இன்று உரிமைக்கு வாயிலாகியுள்ளது.

முடிவுரை

'டிரைப்' என்னும் சொல் குருதியைக் காட்டிலும் பதிவேட்டையே நெடிதும் சார்ந்து வந்துள்ளது. தமிழ்ப் பெயர்ப்புகளோ பரம்பரை, குடி, மரபு எனப் பிறப்பையும் வழிவழித் தொடர்ச்சியையும் முன்னிறுத்தின. அகராதிகளும் பாடநூல்களும் 'குற்றப்பரம்பரை'யை ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராகப் பொருள் எழுதாமல், சட்டம் சூட்டிய பெயர் என்று குறித்தல் வேண்டும். 'சீர்மரபினர்' என்பதற்கும் 'அச்சட்டத்தின் அறிவிக்கையினின்று நீக்கப்பட்ட சமூகத்தார்' என்னும் விளக்கம் முதற்பொருளாக இடம்பெறுதல் தகும். செய்தவர் இன்னார் என்பது சொல்விளக்கத்தில் நின்றால்தான், செய்யப்பட்டவர்மேல் ஏறிய பழி நீங்கும்.