பங்கு வியாபாரம் பயில்வோரும் கணக்குப் புத்தகமும்

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுமிடத்தில் கடன் பேரேட்டைப் புரட்டி, இன்ன கடன் இன்ன காரியத்திற்காக வாங்கப்பட்டது என்று விசாரிப்பது நமது வழக்கம். விதை, உரம், கலியாணம், வைத்தியச் செலவு, தறியைப் பழுது பார்த்தல் என்னும் விடைகளையே நெடுங்காலம் கேட்டு வந்தோம். சில ஆண்டுகளாகப் புதியதொரு விடையும், சற்றுத் தாழ்ந்த குரலில், நம் காதில் விழுகின்றது. "ஷேர் மார்க்கெட்டில் போட்டேன்" என்பதே அவ்விடை.

ஓர் ஊரில் நடந்ததைக் கூறுவோம். ஊரும் பேரும் வேண்டா. நெசவாளர் ஒருவரின் மகன், பட்டம் பெற்றவர். நான்கு மாதங்களுக்குள் மூன்று முறை தாயாரின் நகைகளை ஈடு வைத்துக் கடன் பெற்றிருந்தார். காரணம் கேட்டோம்.

"முதலில் வாங்கியது போய்விட்டது, ஐயா. அதை எடுக்கத்தான் இரண்டாவது வைத்தேன். இரண்டையும் சேர்த்து எடுக்க மூன்றாவது" என்றார்.

"இதுவரை எத்தனை முறை வாங்கி விற்றீர்கள்? மொத்தத்தில் போனது எவ்வளவு?" என்றோம். கைப்பேசியை எடுத்துத் தடவிப் பார்த்தார், சொல்ல இயலவில்லை. அருகில் நின்ற தந்தையார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் சங்கத்தில் தாம் பெற்ற நூல் எத்தனை சிட்டம், நெய்து ஒப்படைத்த உருப்படி எத்தனை, வரவேண்டிய கூலி எவ்வளவு என்பதைப் பாஸ் புத்தகத்தைத் திறவாமலே ஒப்பித்தார். மகன் தந்தையிடம் கற்றிருக்க வேண்டியது அதுவே என்று நமக்குத் தோன்றிற்று.

பங்கு வியாபாரத்தில் இறங்குங்கள் என்று சொல்ல நாம் இதனை எழுதவில்லை. இறங்காதீர்கள் என்று கட்டளையிடவும் நமக்கு அதிகாரமில்லை. அரசு ஊழியர் ஊக வாணிகத்தில் ஈடுபடலாகாது என்பது நடத்தை விதி. ஆதலால் வியாபாரியின் அநுபவமும் நமக்கில்லை. கணக்கைச் சரிபார்ப்பவரின் கண்கொண்டு, பயில விரும்புவோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் சிலவற்றை மட்டும் கூறுவோம்.

பங்கில் இருவகை

நம் அங்கத்தினர்க்குப் பங்கு என்னும் சொல் புதிதன்று. சங்கத்தில் சேரும்போதே பங்குத்தொகை செலுத்துகிறோம். அப்பங்கிற்கு அன்றாடம் ஏறி இறங்கும் விலை என்பதில்லை. விலகும்போது விதிகளுக்கு உட்பட்டு அதன் முகமதிப்புத் திரும்பக் கிடைக்கிறது. ஒரு பங்கு உடையவருக்கும் நூறு பங்கு உடையவருக்கும் வாக்கு ஒன்றே.

கம்பெனிப் பங்கு அத்தகையதன்று. அதனைச் சந்தையில் மற்றொருவருக்கு விற்றே பணமாக்க வேண்டும். வாங்க வருபவர் தரும் விலையே விலை. கம்பெனியின் தொழிலை ஆராய்ந்து, பங்கை வாங்கிப் பல்லாண்டு வைத்திருந்து, லாப ஈவும் வளர்ச்சியும் பெறுவது முதலீடு. விலையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கருதி இன்று வாங்கி இன்றோ நாளையோ விற்பது வியாபாரம். இவற்றிற்கும் அப்பால், பங்கையே கைக்கொள்ளாமல், அதன் வருங்கால விலைமீது செய்துகொள்ளும் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்னும் முன்பேர ஒப்பந்தங்கள் உள்ளன.

இவற்றில் தனிநபர்கள் அடைந்த பலன் யாது? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வாரியம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு அதனைத் தெளிவாகக் கூறுகிறது. 2021-22 முதல் 2023-24 முடிய மூன்று ஆண்டுகளில் முன்பேர ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். அவர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர். அவர்களது மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இழந்த பின்னரும் அவர்களில் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டோர் விலகவில்லை என்பதும் அதே ஆய்வில் கண்டது. அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்பவரின் நிலையும் மேலானதன்று. 2022-23-இல் அவ்வாறு செய்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டமடைந்தனர். ஓராண்டில் 500 முறைக்கு மேல் வியாபாரம் செய்தவர்களிலோ நஷ்டமடைந்தோர் 80 சதவீதம். அடிக்கடி செய்வதால் தேர்ச்சி வந்துவிடும் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பருத்தி தந்த பாடம்

கடன் வாங்கிச் செய்யும் ஊக வாணிகம் நம் நாட்டிற்குப் புதிதன்று. பருத்தி விளைவிப்போரும் நெய்வோரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டின் தென் மாநிலங்களிலிருந்து லங்காஷயர் ஆலைகளுக்குச் சென்று வந்த பருத்தி தடைப்பட்டது. இந்தியப் பருத்திக்கு என்றுமில்லாத கிராக்கி ஏற்பட்டுப் பம்பாயில் பணம் வந்து குவிந்தது. அப்பணத்தைக் கொண்டு புதிய வங்கிகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளும் தோன்றின. பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் பெயர்பெற்ற தரகர் இவற்றில் முன்னின்றார். பங்குகளையே ஈடாகக் கொண்டு வங்கிகள் கடன் கொடுத்தன. அக்கடனைக் கொண்டு மேலும் பங்குகள் வாங்கப்பட்டன. 1865 ஜூலை 1-ஆம் தேதி பணம் கொடுத்துப் பங்கு பெறுவதாகப் பலர் வாய்தா பேசியிருந்தனர்.

அவ்வாண்டு ஏப்ரலில் போர் முடிவுக்கு வந்தது. பருத்தி விலை சரிந்தது. வாய்தா நாள் வந்தபோது பேசியபடி கொடுக்கப் பலரிடம் பணமில்லை. பிரேம்சந்த் ராய்சந்தும் வீழ்ந்தார். பம்பாய் வங்கி 1868-இல் கலைக்கப்பட்டது.

அவர்கள் பருத்தியை அறியாதவரல்லர், வியாபாரத்தில் பழுத்தவர்கள். இழந்தால் எவ்வளவு வரை தாங்கும் என்று அளந்து வைக்கவில்லை. கடன்மேல் கடன் ஏறியது அவர்களை வீழ்த்திற்று.

எந்தப் பணம்?

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்தப் பங்கை வாங்குவது என்பதன்று. எந்தப் பணத்தைக் கொண்டு பயில்வது என்பதே. விதை நெல்லைக் குத்திச் சமைக்கும் குடியானவன் இல்லை. பயிர்க்கடன், நகைக்கடன், நூல் வாங்க வைத்த முன்பணம், பிள்ளைகளின் படிப்பிற்கான வைப்பு, ஆறு மாதக் குடும்பச் செலவு ஆகிய இவை விதை நெல்லைப் போன்றவை, தொடலாகாதவை. இவையெல்லாம் போக எஞ்சியதில், முழுவதும் போனாலும் அடுப்பு அணையாது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய தொகை யாதோ, அதுவே பயிலும் முதல். அப்படியொரு தொகை இல்லையெனில் காகிதத்தில் எழுதிப் பயில்வதோடு நிற்க வேண்டும். கைப்பணம் இருப்பவரும் முதல் சில மாதங்கள் அவ்வாறே பயில்வது நலம்.

தரகர் தரும் கடன் வசதியையும் இவ்விடத்தில் எச்சரிக்க வேண்டும். அன்றைய வியாபாரத்திற்குக் கைப்பணத்தைப்போல் ஐந்து மடங்கு வரை வாங்க இடமுண்டு. 10,000 ரூபாயை வைத்து 50,000 ரூபாய்க்கு வாங்கினால், விலை பத்தில் ஒரு பங்கு இறங்கியதும் 5,000 ரூபாய், அதாவது கைமுதலில் பாதி, மறைந்துவிடும். பயில்வோர்க்கு இவ்வசதியும் வேண்டா. முன்பேர ஒப்பந்தங்களும் வேண்டா.

எவ்வளவு இழக்கலாம்?

ஒவ்வொரு வியாபாரத்திலும் எவ்வளவு இழக்கத் தயார் என்பதை வாங்குமுன்னரே வரையறுத்துக் கொள்ள வேண்டும். முதலில் நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படாமல் வைத்துக்கொள்வது அநுபவஸ்தர் பலர் கூறும் அளவு. பயிலும் முதல் 50,000 ரூபாய் என்று கொள்வோம். அதில் நூற்றுக்கு இரண்டு 1,000 ரூபாய். ஒரு பங்கை 400 ரூபாய்க்கு வாங்கி, 380-க்கு இறங்கினால் விற்றுவிடுவது என்று தீர்மானித்தால், பங்கு ஒன்றுக்கு நஷ்டம் 20 ரூபாய். 1,000-ஐ 20-ஆல் வகுக்க 50 பங்கு. அதற்குமேல் ஒரு பங்கும் வாங்கலாகாது. விற்கும் விலையைத் தரகரிடம் முன்னதாகவே ஆணையாகப் பதிந்து வைக்கலாம். இதனை ஸ்டாப் லாஸ் என்பர். இரவில் கெட்ட செய்தி வந்து, காலையில் சந்தை 360-இல் திறந்தால் 380 கிடைக்காது என்பதையும் நினைவிற் கொள்க. அளவு சிறிதாய் இருக்க வேண்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வாறு செய்பவர் பத்து முறை தொடர்ந்து தோற்றாலும் அவரிடம் ஏறக்குறைய 40,800 ரூபாய் எஞ்சும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு இருபது இழப்பவரிடம் பத்தாவது தோல்விக்குப் பின் எஞ்சுவது ஏறக்குறைய 5,400 ரூபாயே. இழந்ததை ஈடு செய்யும் கணக்கும் இதுபோன்றதே. நூற்றுக்குப் பத்து இழந்தவர் எஞ்சியதைக் கொண்டு நூற்றுக்குப் பதினொன்று சம்பாதித்தால் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வருவார். பாதியை இழந்தவரோ எஞ்சியதை இரட்டிப்பாக்க வேண்டும். முக்கால் பங்கை இழந்தவர் நான்கு மடங்காக்க வேண்டும். நஷ்டம் சிறிதாய் இருக்கும்போதே ஒப்புக்கொள்வது இதனாலேயே அவசியமாகிறது. "இன்னும் சற்றுப் பொறுத்தால் ஏறிவிடும்" என்று விற்கும் விலையைக் கீழே நகர்த்துபவர், தாம் இயற்றிய விதியைத் தாமே மீறுபவர் ஆவார்.

ஒருவரே நால்வர்

நமது சங்கங்களில் பணத்தைக் கையாள்பவர் ஒருவர், அனுமதிப்பது நிர்வாகக் குழு, சரிபார்ப்பது தணிக்கையாளர். கையிருப்பு இவ்வளவுக்கு மேல் இருக்கலாகாது என்று வரம்புண்டு. ஒரே நபர் எல்லாப் பொறுப்பையும் வைத்துக்கொண்டிருக்கும் சங்கத்தில் நாம் முதலில் பெட்டியைத் திறந்து ரொக்கத்தை எண்ணுவோம். அங்கே குறைவு காணப்பட்டால், அது பெரும்பாலும் திருட்டெண்ணத்தில் தொடங்கியதாய் இராது. "நாளை சரிக்கட்டிவிடலாம்" என்னும் நினைப்பில் தொடங்கியதாய் இருக்கும்.

கைப்பேசியில் பங்கு வியாபாரம் செய்பவரின் நிலை இதுவே. தலைவர், செயலாளர், காசாளர், தணிக்கையாளர் நால்வரும் அவரே. கேட்பாரில்லை. ஆதலால் இந்நான்கு பொறுப்புக்களையும் அவர் தாமே பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு எளிய வழி, கையால் எழுதும் ஒரு குறிப்பேடு.

வாங்குமுன் எழுத வேண்டியவை: தேதி, பங்கின் பெயர், வாங்கும் காரணம், விலை, எண்ணிக்கை, நஷ்டத்தில் விற்கும் விலை. காரணத்தை ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் வாங்கலாகாது. "அவர் சொன்னார்" என்பது காரணமன்று. கைப்பேசிக் குழுக்களில் வரும் இரகசியத் தகவல்களால் ஏமாந்தோர் பலர். விற்றபின் எழுத வேண்டியவை: விற்ற விலை, தரகும் வரியும் உள்ளிட்ட செலவுகள், நிகர லாபம் அல்லது நஷ்டம், விதியின்படி நடந்தோமா இல்லையா என்பது. செலவைத் தனியே காட்டுவது முக்கியம். அது வென்றாலும் தோற்றாலும் போகும் பணம். தரகர் அனுப்பும் ஒப்பந்தச் சீட்டோடு இக்குறிப்பேட்டை வாரந்தோறும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

விதியை மீறிக் கிடைத்த லாபத்தையும் குற்றமாகவே குறித்து வைக்க வேண்டும். இது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். காசாளர் சங்கப் பணத்தை எடுத்துச் சூதாடி வென்று இருமடங்காகத் திருப்பி வைத்தாலும் நாம் அவரைப் பாராட்டுவதில்லை. அடுத்த முறை அவர் தோற்பார் என்பதை நாம் அறிவோம்.

இறுதியாக, மாதம் ஒருமுறை அக்குறிப்பேட்டை மற்றொருவர்முன் விரித்து வைக்க வேண்டும். மனைவியோ, கணவரோ, தமையனோ, நம்பகமான நண்பரோ, யாராயினும் சரி; பங்கு வியாபாரம் தெரிந்தவராய் இருக்க வேண்டியதில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தவராய் இருந்தால் போதும். ஒரு மாதத்தில் முதலில் நூற்றுக்கு ஆறு போய்விட்டால் அம்மாதம் நிறுத்துவது, மொத்தத்தில் நூற்றுக்கு இருபது போய்விட்டால் அறவே நிறுத்தி ஆராய்வது என்பன போன்ற வரம்புகளை அவரிடம் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டாருக்கு மறைத்துச் செய்யும் வியாபாரம் எதுவாயினும் அது வரம்பைக் கடந்துவிட்டது என்பதே பொருள்.

முன்னர்ச் சொன்ன இளைஞர் நாம் கேட்டுக்கொண்டபடி, தரகரின் சீட்டுக்களை எடுத்து வைத்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. கூட்டிப் பார்த்தபோதுதான், தாம் நினைத்திருந்ததைவிட நஷ்டம் அதிகம் என்பது அவருக்கே தெரிந்தது. தாயாரிடம் நோட்டைக் காட்டி உண்மையைச் சொன்னார். நகைகள் இன்னும் மீளவில்லை. தறியில் தந்தையாரோடு அமர்ந்து மாதந்தோறும் வட்டியும் அசலில் ஒரு பகுதியும் கட்டி வருகிறார். அந்த வரவும் இப்போது அதே நோட்டில் எழுதப்படுகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் சொல். அளப்பதற்கு முதலில் கையில் படி இருக்க வேண்டும். பங்கு வியாபாரம் பயில விரும்பும் அங்கத்தினர்கள், கணக்குத் தொடங்கும் முன்னர் ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கி முதற்பக்கத்தில் தங்கள் வரம்புகளை எழுதுவார்களாக.