மறைத்தவருக்கு ஒரு வீதம். மறைக்க முடியாதவருக்குப் பதினெட்டு வீதம்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரில் வாழும் ஒரு கூலித் தொழிலாளியோ, மீனவரோ, முச்சக்கரவண்டிச் சாரதியோ தம்மை வரி செலுத்தும் ஒருவராகக் கருதுவதில்லை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து அவருக்குக் கடிதம் எதுவும் வருவதில்லை. கணக்காய்வாளர் எவரையும் அவர் அமர்த்துவதில்லை. ஆயினும் சமையல் எரிவாயு வாங்கும்போதும், வண்டிக்குப் பெற்றோல் நிரப்பும்போதும், பிள்ளைக்கு ஒரு கைத்தொலைபேசி வாங்கிக் கொடுக்கும்போதும் அவர் அரசுக்கு வரி செலுத்திக்கொண்டே இருக்கிறார். அந்த வரியைத் தவிர்க்கவோ ஒத்திவைக்கவோ மறைக்கவோ அவருக்கு எந்த வழியும் இல்லை.

வரி ஏய்ப்புப் பற்றி நமது அரசியல்வாதிகளும் ஊடகங்களும் அவ்வப்போது எழுப்பும் தார்மிகக் கோபத்தை, இந்த மனிதரின் இடத்திலிருந்து நோக்க வேண்டியுள்ளது. அவ்வாறு நோக்கும்போதுதான் அக்கோபத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நடிப்பு என்பது விளங்கும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சட்டப்படி செலுத்த வேண்டிய வரியைப் பொய்க் கணக்கு காட்டி மறைப்பது வரி ஏய்ப்பு, அது குற்றம். சட்டத்திலுள்ள இடைவெளிகளைப் பயன்படுத்தி, வருமானத்தை வேறு நாட்டிலோ வேறு நிறுவனத்தின் பெயரிலோ காட்டி வரியைக் குறைத்துக்கொள்வது வரித் தவிர்ப்பு. அது பெரும்பாலும் குற்றமாகாது. மூன்றாவதாக, சட்டமே முன்வந்து சிலருக்கு வரி வேண்டாம் என்று கூறிவிடுவது வரிவிலக்கு. முதலாவதைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றி வெளிநாட்டிலிருந்து ஏதேனும் ஆவணம் கசிந்தால் மட்டும் பேசுகிறோம். மூன்றாவதைப் பற்றி ஏறக்குறைய பேசுவதே இல்லை. பாசாங்கு தொடங்குவது இந்த மௌனத்திலிருந்துதான்.

2021ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும். அவ்வாண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி, புலனாய்வு ஊடகவியலாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 'பண்டோரா ஆவணங்கள்' என்ற பெயரில் பெருந்தொகையான இரகசியப் பதிவுகளை வெளியிட்டது. உலகத் தலைவர்கள் பலரின் பெயர்களோடு, முன்னாள் பிரதியமைச்சர் நிருபமா ராஜபக்ஷவினதும் அவரது கணவர் திருக்குமார் நடேசனினதும் பெயர்கள் அவற்றில் இடம்பெற்றன. வெளிநாடுகளில் பதிவுசெய்யப்பட்ட நிறுவனங்களின் ஊடாக அவர்கள் சொத்துக்களையும் கலைப்பொருட்களையும் வைத்திருந்ததாக அச்செய்திகள் கூறின. தாம் தவறேதும் செய்யவில்லை என்று நடேசன் மறுத்தார். வெளிநாட்டு நிறுவனமொன்றை வைத்திருப்பது தன்னளவில் குற்றமல்ல என்பதையும் இங்கு நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ உடனடி விசாரணைக்கு உத்தரவிட்டு, ஒரு மாதத்திற்குள் அறிக்கை தருமாறு இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவைக் கேட்டார். ஆளுந்தரப்பும் எதிர்த்தரப்பும் கொதித்தெழுந்தன. பத்திரிகைகளின் முதற்பக்கங்கள் நிறைந்தன.

ஆனால் அதற்கு ஏறக்குறைய ஒரு மாதத்திற்கு முன்னர், செப்டெம்பரில், அதே ஆட்சியின் கீழ் அதே பாராளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம் இருந்தது. அது 2021ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க நிதிச் சட்டம். அதுவரை இறைவரித் திணைக்களத்திற்குத் தெரிவிக்காத வருமானத்தையும் சொத்துக்களையும் ஒருவர் தாமாக முன்வந்து வெளிப்படுத்தினால், அவற்றின் மீது ஒரு வீத வரியை மட்டும் செலுத்தி விடுபடலாம் என்று அச்சட்டம் கூறியது. வெளிப்படுத்துபவருக்கு விசாரணையிலிருந்தும் தண்டத்திலிருந்தும் பாதுகாப்பு உண்டு. அவரது விபரங்கள் இரகசியமாகவும் பேணப்படும். அதாவது, செப்டெம்பரில் மறைத்தவர்களுக்கு மன்னிப்பு. ஒக்டோபரில் மறைத்தவர்கள் மீது கண்டனம். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இத்தகைய மன்னிப்பு இலங்கைக்குப் புதியதன்று. 1964 முதலே வெவ்வேறு அரசாங்கங்கள் இத்தகைய வரி மன்னிப்புகளை வழங்கி வந்துள்ளன. 2003இல் கொண்டுவரப்பட்ட பரந்த மன்னிப்புச் சட்டம் உயர் நீதிமன்றத்தின் கடுமையான விமர்சனத்திற்கு உள்ளாகி, அடுத்த ஆண்டிலேயே மட்டுப்படுத்தப்பட்டது. ஆட்சியில் இருந்த கட்சிகள் மாறின. மறைத்தவருக்குச் சலுகை அளிக்கும் வழக்கம் மாறவில்லை. சில ஆண்டுகளுக்கொருமுறை மன்னிப்பு வரும் என்று தெரிந்த பின்னர், நேர்மையாகக் கணக்குக் காட்டுபவன் அறிவிலி என்றே வர்த்தக உலகம் முடிவுசெய்யும்.

இனி, வரியைக் குறைப்பதாகக் கூறி வாக்குக் கேட்ட கதைக்கு வருவோம். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின்னர் பெறுமதி சேர் வரி, அதாவது வற் வரி, 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வற் வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 1 கோடியே 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. தனிநபர் வருமான வரிவிலக்கு எல்லை ஆண்டுக்கு 5 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக்கப்பட்டது. சம்பளத்திலிருந்து வரியைக் கழிக்கும் முறையும் கைவிடப்பட்டது. இம்மாற்றங்களுள் வருமான வரி தொடர்பானவை முதலில் அறிவித்தல்கள் மூலமே நடைமுறைக்கு வந்தன. உரிய சட்டத்திருத்தம் 2021 மே மாதத்திலேயே நிறைவேறியது. இதனால் நாடு வங்குரோத்து அடையும் என்று அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர தேர்தலுக்கு முன்னரே பகிரங்கமாக எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையைத் தேர்தல் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு, வரிக்குறைப்பை மக்களுக்குக் கிடைத்த பரிசாகக் கொண்டாடிய தலைப்புகளே அதிகம்.

விளைவு யாவரும் அறிந்ததே. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2019இல் 11 வீதத்திற்கு மேலிருந்த வரி வருமானம், 2020இல் சுமார் 8 வீதமாக வீழ்ந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. வரிக்குறைப்பு மட்டுமே இதற்குக் காரணம் என்று கூற முடியாது. கொள்ளை நோயும் கடன் சுமையும் தவறான நாணயக் கொள்கையும் சேர்ந்தே நாட்டை வீழ்த்தின. எனினும் 2023 நவம்பர் 14ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு ராஜபக்ஷ சகோதரர்களும் உயரதிகாரிகளும் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தபோது, அது கருத்திற்கொண்ட முடிவுகளுள் இந்த வரிக்குறைப்பும் ஒன்று.

வரியைக் குறைத்தால் அதன் நன்மை யாரைச் சேர்கிறது என்பதற்குச் சீனி விவகாரம் நல்ல பாடம். 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி, ஒரு கிலோ சீனிக்கு 50 ரூபாவாக இருந்த விசேட வர்த்தகப் பண்ட வரி 25 சதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் அரசு இழந்த வருமானம் சுமார் 1,590 கோடி ரூபா என்று பாராளுமன்ற அரசாங்க நிதிக் குழுவிடம் தெரிவிக்கப்பட்டது. கடையில் சீனியின் விலையோ அதற்கேற்பக் குறையவில்லை. சட்டத்தின் பார்வையில் இங்கு எவரும் வரி ஏய்க்கவில்லை. ஒரு வர்த்தமானி அறிவித்தலே போதுமானதாக இருந்தது.

இழந்ததை ஈடுசெய்யும் நேரம் வந்தபோது சுமை எங்கே இறக்கப்பட்டது? வற் வரி 2022 ஜூனில் 12 வீதமாகவும், செப்டெம்பரில் 15 வீதமாகவும், 2024 ஜனவரி 1 முதல் 18 வீதமாகவும் உயர்த்தப்பட்டது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த எரிபொருளும் சமையல் எரிவாயுவும் கைத்தொலைபேசியும் வரிக்குள் கொண்டுவரப்பட்டன. 2023 டிசெம்பரில் இதற்கான சட்டமூலத்தை 100 வாக்குகளால் நிறைவேற்றியதும், மறைத்தவருக்கு ஒரு வீதம் போதும் என்று தீர்மானித்த அதே பாராளுமன்றம்தான்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். மாதம் 60,000 ரூபா உழைக்கும் ஒரு குடும்பத் தலைவர், வற் வரிக்குட்பட்ட பொருட்களுக்கும் சேவைகளுக்கும் 20,000 ரூபா செலவிடுகிறார் எனக் கொள்வோம். அதில் ஏறக்குறைய 3,050 ரூபா வற் வரி. அது அவரது வருமானத்தில் 5 வீதம். ஒவ்வொரு மாதமும் செலுத்துவது. 10 கோடி ரூபாவை மறைத்து வைத்திருந்த ஒருவர், மன்னிப்புச் சட்டத்தின் கீழ் ஒரே தடவை 10 இலட்சம் ரூபா செலுத்தி விடுபட முடிந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமையும் சீமெந்தும் எரிபொருளும் வந்து இறங்குகின்றன. கோணேசர் மலைக்கும் சீனன்குடாவுக்கும் இடையே கப்பல்கள் போய்வருவதைப் பார்த்து வாழும் மக்களே, அப்பொருட்களின் மீதான வரியின் கடைசிச் சுமையைத் தாங்குகிறார்கள். இலங்கையின் வரி வருமானத்தில் மறைமுக வரிகளின் பங்கு நீண்ட காலமாக ஏறக்குறைய 80 வீதமாக இருந்து வந்ததன் பொருள் இதுவே.

நமது இரு சமூகங்களின் மரபுகளும் இதனை ஏற்பவையல்ல. விளைச்சலில் ஆறிலொரு பங்கை இறையாகக் கொண்ட பழந்தமிழ் அரசனுக்கும், குடிகளின் தாங்கும் சக்தியை அறிந்தே இறை கொள்ள வேண்டும் என்று புலவர்கள் அறிவுறுத்தினர். இஸ்லாத்தில் ஸகாத் என்பது அரசாங்க வரியன்று, அது வணக்கம். ஆயினும் அதில் ஒரு நீதி உண்டு. நிஸாப் என்னும் எல்லைக்குக் கீழே உள்ளவர் கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர், பெறத் தகுதியுடையவர். ஓராண்டு முழுவதும் கையிலிருந்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கைச் செல்வந்தர் தாமே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். எல்லைக்குக் கீழே இருப்பவரிடம் முதலில் எடுத்துவிட்டு, மேலே இருப்பவரை மன்னிக்கும் முறைக்கு இரு மரபிலும் இடமில்லை.

இப்பாசாங்கு நமது நாட்டுக்கு மட்டும் உரியதுமன்று. பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் 2012இல் ஜிம்மி கார் என்ற நகைச்சுவைக் கலைஞரின் வரித் தவிர்ப்பை ஒழுக்கரீதியில் தவறானது என்று சாடினார். 2016இல் பனாமா ஆவணங்கள் வெளிவந்தபோது, தமது தந்தை உருவாக்கிய வெளிநாட்டு நிதியத்தில் தாமும் பங்கு வைத்திருந்து, பிரதமராவதற்குச் சற்று முன்னர் 2010இல் அதனை விற்றதாக அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஊடகங்களும் விலக்கல்ல. இலண்டனின் 'கார்டியன்' பத்திரிகை 2009 பெப்ரவரியில் பெருநிறுவனங்களின் வரித் தவிர்ப்பை அம்பலப்படுத்தும் தொடரொன்றை வெளியிட்டது, பயனுள்ள தொடர்தான். ஆனால் அதன் தாய்க்குழுமம் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு முதலீட்டு நிறுவனத்துடன் சேர்ந்து எமாப் என்ற பதிப்பகத்தை வாங்கியபோது, கேமன் தீவுகளில் பதிவான நிறுவனமொன்று பயன்படுத்தப்பட்டிருந்தது. அது சட்டவிரோதமன்று, ஆயினும் பிறருக்குக் கூறிய உபதேசத்துடன் அது பொருந்தவில்லை.

இலங்கை ஊடகங்களின் நிலை என்ன? 2018இல் எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பும் வெரிட்டே ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஊடக உரிமை பற்றி வெளியிட்ட ஆய்வு, சில குழுமங்களிடமும் குடும்பங்களிடமும் அரசிடமும் ஊடகங்கள் குவிந்திருப்பதைக் காட்டியது. வேறு வர்த்தகங்களும் உள்ள ஓர் உரிமையாளரின் ஊடகம், வரிவிலக்குப் பெற்ற பெருந்திட்டங்களைப் பற்றித் துருவி எழுதும் என்று எதிர்பார்ப்பது கடினம். 2008ஆம் ஆண்டின் மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டம் 25 ஆண்டுகள் வரையும், 2021இன் கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் 40 ஆண்டுகள் வரையும் வரிவிலக்கு வழங்க இடமளித்தன. முன்னைய சட்டத்தின் பயன்பாட்டை வெளிப்படையான நடைமுறை வரும்வரை நிறுத்த வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியத்தின் 2023 செப்டெம்பர் ஆளுகை அறிக்கை கூறும்வரை, அது நம்மில் பலரின் கவனத்திற்கு வரவில்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் எழுதும் நாமும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப முடியாது. நமது மக்களின் உரிமைகளைப் பேசிய அளவுக்கு, அவர்களது கடைச் சிட்டையில் இருந்த வரியைப் பற்றி நாம் பேசவில்லை.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் பயனாக, மக்கள் பிரதிநிதிகளின் சொத்து விபரங்களைப் பொதுமக்கள் இணையத்தில் காணும் நிலை 2025இல் ஏற்பட்டது. இது பெரும் முன்னேற்றம். ஆனால் யாரிடம் எத்தனை வாகனம், எவ்வளவு தங்கம் என்ற வம்போடு பேச்சு நின்றுவிடக்கூடாது. அச்சொத்துக்கு உரிய வருமானம் இறைவரித் திணைக்களத்திற்குக் காட்டப்பட்டதா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. எந்த நிறுவனத்திற்கு எவ்வளவு வரிவிலக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, அதனால் திறைசேரிக்கு எவ்வளவு இழப்பு என்ற பட்டியல் ஆண்டுதோறும் மூன்று மொழிகளிலும் வெளிவர வேண்டும். இனியொரு வரி மன்னிப்புச் சட்டம் முன்வைக்கப்பட்டால், அதற்கு வாக்களிக்கும் ஒவ்வோர் உறுப்பினரும் தமது தொகுதி மக்களுக்குக் காரணம் கூற வேண்டும். நம்மிடம் வாக்குக் கேட்டு வரும் தமிழ், முஸ்லிம் வேட்பாளர்களுக்கும் இது பொருந்தும்.

லிங்கநகரில் எரிவாயு சிலிண்டரைச் சுமந்து வீடு திரும்பும் மனிதர் தமது கடமையைச் செய்து முடித்துவிட்டார். அவரிடம் கணக்குக் கேட்க எவருக்கும் எதுவும் மீதமில்லை. கணக்குக் கேட்கும் உரிமை அவருடையது. வரிகொடுப்போரின் பெயரால் பேசும் அரசியல்வாதிகளும் ஊடகங்களும் தங்கள் கணக்கை முதலில் அவர் முன்னே வைக்கட்டும்.