ஔவையார் ஒருவரல்ல!

ஔவையார் என்றதும் நரைத்த தலை, நெற்றியில் திருநீறு, கையில் கோல்... இப்படி ஒரு பாட்டிதான் நம் கண்முன் வருவார். 1953-ல் வெளியான ‘ஔவையார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் அந்த உருவத்தை நம் மனதில் ஆழமாகப் பதித்துவிட்டார். ஆனால், அந்தப் பெயரில் வாழ்ந்தவர் ஒருவரல்ல!

சங்ககால ஔவையார், தகடூரை (இன்றைய தர்மபுரி) ஆண்ட அதியமானின் நண்பர். அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் இவருக்குக் கொடுத்தான் அதியமான். அவனோடு கள் அருந்தியதையும் மறைக்காமல் பாடியவர் இவர். தொண்டைமானிடம் தூது போனபோது, உன் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் குத்தினார்.

‘ஆத்திசூடி’, ‘கொன்றை வேந்தன்’ தந்தவர் வேறொருவர். பல நூற்றாண்டுகள் கழித்து, சோழர் காலத்தில் வாழ்ந்தவர் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ‘விநாயகர் அகவல்’ பாடியவர் இன்னொருவர் என்பாரும் உண்டு.

எல்லோரையும் ஒரே பாட்டியாக்கியதில் நஷ்டம் நமக்குத்தான். அரசவையில் துணிந்து பேசிய தூதுவர் மறைந்து, புத்தி சொல்லும் பாட்டி மட்டுமே மிஞ்சினார். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுக்கும்போது, அந்தத் தூதுவர் கதையையும் சேர்த்துச் சொல்லுங்களேன்!