கையடக்கக் கருவிகளும் கட்டைவிரலும்

பெங்களூரு மாநகரில் கோரமங்கலாவை அடுத்துள்ள ஈஜிபுரா, குறுகிய தெருக்களும் சிறு கடைகளும் விடுதிகளும் நெருங்கிய பகுதியாகும். கன்னடத்துடன் தமிழும் தெலுங்கும் அங்கே பரவலாகப் பேசப்படுகின்றன. வீடுகளுக்கு உணவும் மளிகையும் கொண்டு சேர்க்கும் இளைஞர்கள், அடுத்த அழைப்பை எதிர்நோக்கி நிற்கும் வேளையில், கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்து இரு கட்டைவிரல்களாலும் விளையாடுவதைக் காணலாம். அழைப்பு வந்ததும் அதே கைப்பேசி தொழிற் கருவியாக மாறிவிடுகிறது. வழியைத் தேடுவதும், பொருள் சேர்ந்ததைப் பதிவு செய்வதும், பணம் பெற்றதைக் குறிப்பதும் அதே விரல்கள்தாம். ஆகவே, கையடக்கக் கருவி ஒன்றில் பொத்தான்கள் எங்கு அமைய வேண்டும் என்னும் வினா விளையாட்டோடு முடிந்துவிடுவதன்று. நாள்தோறும் இத்தகைய கருவியை ஏந்தி உழைப்போர் அனைவரையும் சார்ந்தது அது.

கருவியை மனிதனுக்கு ஏற்ப அமைக்கும் முறைகளை ஆராயும் துறை எர்கனாமிக்ஸ் எனப்படும். தமிழில் இதனைப் பணிச்சூழலியல் என்பர். வேலை, நியதி என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் பிறந்தது. போலந்து நாட்டு அறிஞர் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857ஆம் ஆண்டிலேயே இச்சொல்லைக் கையாண்டார். பிரிட்டனில் முரெல் என்பவர் 1949இல் இதனை மீண்டும் வழங்கிய பின்னரே இது தனித் துறையாக வளரலாயிற்று.

கட்டைவிரலின் வீச்சு

மற்ற நான்கு விரல்களுக்கும் மும்மூன்று எலும்புகள் உண்டு; கட்டைவிரலுக்கு இரண்டே. எனினும் அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி அமைந்துள்ள மூட்டு, குதிரைச் சேணம் போன்ற வடிவுடையது. இம்மூட்டின் காரணமாகவே கட்டைவிரல் முன்னும் பின்னும் அசைவதோடு, பக்கவாட்டில் விரிந்து, மற்ற விரல்களை எதிர்கொள்ளவும் இயலுகிறது.

கருவியைக் கையில் ஏந்தும்போது நான்கு விரல்கள் அதன் பின்புறத்தைத் தாங்க, கட்டைவிரல் மட்டுமே தடையின்றி இயங்குகிறது. அதன் நுனி நேர்கோட்டில் செல்வதில்லை. அடி மூட்டை மையமாகக் கொண்டு வில்போன்ற வளைவில் செல்கிறது. 1989இல் ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘கேம் பாய்’ கருவியில் வலப்புறமுள்ள இரு பொத்தான்கள் கிடைக்கோட்டில் அமையாமல் சாய்வாக அமைந்திருந்தன. கட்டைவிரலின் இயல்பான வளைவுக்கு ஒத்த அமைப்பு அது.

அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் கண்டறிந்த விதி ஒன்று இங்குப் பொருந்தும். ஓர் இலக்கை விரல் சென்றடையும் நேரம், இலக்கின் தூரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பது அவ்விதியின் சாரம். தூரம் கூடினால் நேரம் கூடும். அகலம் கூடினால் நேரம் குறையும். இரண்டையும் ஒருங்கே இரட்டித்தால் நேரம் மாறுவதில்லை. ஆகவே, அடிக்கடி அழுத்த வேண்டிய பொத்தான் அருகிலும் பெரிதாகவும் இருத்தல் வேண்டும். அரிதாகத் தேவைப்படுவது தொலைவில் சிறிதாக இருப்பினும் கேடில்லை.

கூட்டல் குறி வடிவப் பொத்தான்

கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றில் பெரிய திருப்பம் 1982இல் நிகழ்ந்தது. நிண்டெண்டோவின் பொறியாளர் குன்பெய் யோகோய், ‘டாங்கி காங்’ என்னும் மடிப்புக் கருவிக்காகக் கூட்டல் குறி வடிவில் ஒரு திசைப் பொத்தானை அமைத்தார். நிமிர்ந்து நிற்கும் ஜாய்ஸ்டிக் என்னும் கோல், சட்டைப் பையில் வைக்கும் கருவிக்கு ஏற்றதன்று. நான்கு தனிப் பொத்தான்களை அமைத்தாலோ விரல் ஒவ்வொன்றையும் தேடிச் செல்ல வேண்டும். புதிய பொத்தானில் கட்டைவிரல் நடுவில் தங்கியபடியே எத்திசையிலும் சாயலாம். நடுவிலுள்ள சிறு மேட்டின் மீது அது தராசுபோல் அசைவதால், வலமும் இடமும் ஒரே சமயத்தில் அழுந்துவதற்கு இடமில்லை.

பொத்தானின் ஒவ்வொரு கரத்தின் கீழும் ரப்பரால் ஆன சிறு குமிழ் உள்ளது. குமிழின் உட்புறத்தில் மின்சாரத்தைக் கடத்தும் கரிப்பொருள் ஒட்டப்பட்டிருக்கும். அழுத்தும்போது குமிழ் அமுங்கி, கரிப்பொருள் கீழுள்ள மின்சுற்றின் இரு முனைகளையும் இணைக்கிறது. விட்டதும் குமிழ் தானே எழுகிறது. தொலைக்காட்சி ரிமோட்டிலும் இதே முறை கையாளப்படுவதால், பழுதான ரிமோட் ஒன்றைத் திறந்து ஆசிரியர்கள் மாணவர்க்கு இதனை எளிதில் காட்டலாம். குமிழ் அமுங்கும் உணர்ச்சியே, ‘அழுத்தியாயிற்று’ என்பதைக் கண்ணின் உதவியின்றி விரலுக்கு அறிவிக்கிறது.

நமது நாட்டில் பலர் முதன்முதலில் கையில் ஏந்தி விளையாடியது, நோக்கியா கைப்பேசியிலிருந்த பாம்பு விளையாட்டேயாகும். 1997இல் அது அறிமுகமாயிற்று. அதற்கெனத் தனிப் பொத்தான் ஏதும் இல்லை. 2, 4, 6, 8 ஆகிய எண் பொத்தான்களே நான்கு திசைகளாயின. நடுவிலுள்ள 5இன் மீது விரலை வைத்தால் நான்கு திசைகளும் அதனைச் சுற்றி அமைவதைக் காணலாம்.

அமைப்பில் பிழை நேரும்போது கை என்ன செய்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2004இல் வெளிவந்த சோனி நிறுவனத்தின் ‘பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்’ கருவியில், திசைப் பொத்தானும் அதன் கீழே ஒரு சறுக்குக் குமிழும் இடக் கட்டைவிரலுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. சில விளையாட்டுகளில் இரண்டையும் ஒரே சமயத்தில் இயக்க வேண்டியிருந்தது. கட்டைவிரல் ஒன்றே ஆதலால், விளையாடுவோர் சுட்டுவிரலைப் பருந்தின் நகம்போல் மடக்கித் திசைப் பொத்தானை அழுத்தப் பழகினர். கருவி கைக்கு இசையாதபோது கை கருவிக்கு இசைந்து கொடுக்கிறது. அதன் விலையை மூட்டுகளும் தசைநாண்களும் செலுத்துகின்றன.

பெங்களூரின் சிம்ப்யூட்டர்

பொத்தானே இல்லாமல் கையின் அசைவையே கட்டளையாகக் கொள்ளும் முயற்சி ஒன்று பெங்களூரிலேயே நடைபெற்றது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தினரும் சேர்ந்து 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை அமைத்தனர். எழுத்தறிவு குறைந்தோரும் பயன்படுத்தத்தக்க, மலிவான கையடக்கக் கணினியை உருவாக்குவதே அவர்களின் நோக்கம். முதல் மாதிரி 2001இல் வெளியிடப்பட்டது. இந்திய மொழிகளில் எழுத்தைப் பேச்சாக மாற்றும் வசதியும், தொடுகோலால் இயங்கும் திரையும் அதில் இருந்தன.

2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் பிகோபெட்டா நிறுவனமும் ‘அமிடா சிம்ப்யூட்டர்’ என்னும் வகையை விற்பனைக்குக் கொணர்ந்தன. அதில் முடுக்கமானி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. கையைச் சற்று அசைத்தே பக்கத்தைப் புரட்ட முடிந்தது. கருவியைச் சாய்த்து ஆடும் ‘கோல்கோலி’ என்னும் விளையாட்டும் அதில் இடம்பெற்றது. சாய்த்து ஆடும் விளையாட்டுகள் கைப்பேசிகளில் பரவுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

முடுக்கமானியின் தத்துவம் எளியது. சிலிக்கனால் ஆன நுண்ணிய எடை ஒன்று நுண்ணிய வில்களில் தொங்குகிறது. கருவி சாயும்போது புவியீர்ப்பினால் எடை சிறிது நகர, அதன் இருபுறமும் உள்ள தகடுகளின் மின்தேக்கு திறன் மாறுகிறது. சாய்வுக் கோணத்தின் சைன் அளவுக்கு ஏற்ப இம்மாற்றம் அமையும். கிடையாக வைத்தால் சுழி; 30 பாகை சாய்த்தால் முழு ஈர்ப்பில் பாதி; செங்குத்தாக நிறுத்தினால் முழு அளவு. சைன் மதிப்பு சுழியை அடுத்தே மிக விரைவாக மாறுவதால், கிடையாகப் பிடித்த கருவியைச் சிறிதளவு சாய்த்தாலே போதும். திரை கண்ணை விட்டு விலகுவதில்லை.

கர்நாடக அரசின் நில ஆவணப் பணியிலும் சிம்ப்யூட்டர் பயன்படுத்தப்பட்டது. ஆயினும் எதிர்பார்த்த அளவு அது விற்பனையாகவில்லை. சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. கருவி மறைந்தாலும், களப்பணியாளரின் கையை முன்வைத்து ஒரு கணினி இந்நாட்டில் வடிவமைக்கப்பட்டது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

கண்ணாடித் திரையும் விரல் வலியும்

இன்றைய கைப்பேசியில் பொத்தான்கள் கண்ணாடித் திரையில் வரைந்த படங்களே. அவற்றுக்கு விளிம்பும் இல்லை, அமுங்கும் உணர்ச்சியும் இல்லை. விரல் சரியான இடத்தில் உள்ளதா என்பதைக் கண்ணே காண வேண்டும். அவ்விரலோ திரையின் ஒரு பகுதியை மறைத்து நிற்கிறது. இக்குறைகளுக்கு ஈடாக ஒரு நன்மையும் உண்டு. வரைந்த பொத்தானை இடம் மாற்றலாம், பெரிதாக்கலாம். ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ போன்ற விளையாட்டுகளில் ஒவ்வொருவரும் தம் கைக்கேற்பப் பொத்தான்களை அமைத்துக் கொள்ளும் வசதி உள்ளது.

கட்டைவிரலை இயக்கும் இரு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே உறையினுள் செல்கின்றன. உறை தடித்தால் நாண்கள் உராய்ந்து, கட்டைவிரலின் அடியில் வலி தோன்றும். ஸ்விட்சர்லாந்து மருத்துவர் டி கெர்வெய்ன் 1895இல் இந்நோயை விவரித்தார். கட்டைவிரலை எட்டி நீட்டி, அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது இவ்வலியை மிகுவிக்கும். 1990இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று, வீடியோ விளையாட்டினால் நேர்ந்த தசைநாண் வலிக்கு ‘நிண்டெண்டினைட்டிஸ்’ என்னும் பெயரையே சூட்டியது. வலி சில நாள்களில் தணியாவிடில் மருத்துவரை நாடுவதே முறை.

எவருடைய கைக்கு அளவெடுப்பது?

எல்லாக் கைகளும் ஒரே அளவினவல்ல. ஆமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் 1997இல், தேவ்குமார் சக்ரவர்த்தி தொகுத்த இந்தியர் உடலளவுகள் பற்றிய நூலை வெளியிட்டது. இத்தகைய அளவுகளைப் பயன்படுத்துவதில் ஒரு நியதி உண்டு. எட்ட வேண்டிய தூரத்தைச் சிறிய கையை வைத்து முடிவு செய்தல் வேண்டும். சிறிய கை எட்டினால் பெரிய கையும் எட்டும். பொத்தான்களுக்கு இடையிலான இடைவெளியையோ பெரிய விரலை வைத்து முடிவு செய்தல் வேண்டும். தடித்த விரலுக்கு இடம் போதுமாயின் மெல்லிய விரலுக்கும் போதும். சராசரிக் கை ஒன்றையே அளவாகக் கொண்டால், சிறுவர்க்கும் பெண்களில் பலர்க்கும் எட்டாமலும், பெருங்கையர்க்கு நெருக்கமாகவும் கருவி அமைந்துவிடும்.

இதனை வகுப்பறையில் செலவின்றி மெய்ப்பிக்கலாம். கைப்பேசி அளவில் அட்டைகள் வெட்டி, வெள்ளைத் தாள் ஒட்டி, மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒன்று கொடுக்க வேண்டும். கட்டைவிரல் நுனியில் சிறிது மை தடவி, மற்ற விரல்களை நகர்த்தாமல், எட்டும் பரப்பு முழுவதையும் தொடச் செய்ய வேண்டும். வில்வடிவத் தடங்கள் பதியும். பல வயதினரின் தாள்களை அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், எல்லாத் தடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி புலப்படும். முக்கியமான பொத்தான்களுக்கு உரிய இடம் அதுவே.

களப்பணியாளர் கவனத்திற்கு

2027ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைப்பேசிச் செயலியின் வாயிலாக நடைபெறும் என அரசு 2025இல் அறிவித்தது. கணக்கெடுப்போருள் பெரும்பாலோர் ஆசிரியர்களே. வீடு வீடாக நின்றுகொண்டே விவரங்களைப் பதியும் பணியில் சில முறைகள் உதவும். கருவியை ஒரு கையால் தாங்கி மறு கையின் சுட்டுவிரலால் பதிவு செய்தால் கட்டைவிரலின் சுமை குறையும். மணிக்கட்டை மடக்காமல் நேராக வைப்பதும், கருவியை மார்பளவு உயர்த்திக் கழுத்துக் குனிவைக் குறைப்பதும், கைகளை அவ்வப்போது மாற்றுவதும் நலம். எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக் கொண்டால் பிழையும் குறையும். செயலியின் பொத்தான் ஏதேனும் எட்டாத மூலையிலோ நெருக்கமாகவோ அமைந்து இடர் தந்தால், அதனைக் குறித்து மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பது பணியாளரின் கடமைகளுள் ஒன்றாகும். திரையில் வரைந்த பொத்தானை மாற்றியமைக்கப் புதிய கருவி தேவையில்லை. அது எங்கே இடர் தருகிறது என்பதை அறிந்தவர் சொன்னால் போதும்.