தொட்டில் காலம் – 14: பல்லின் மேல் போடும் பழி

போன வாரம் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவதைப் பற்றிப் பேசினோம். அதே ஆறாம் மாதத்தை ஒட்டித்தான் வீட்டில் இன்னொரு பேச்சும் கிளம்பும். குழந்தை நைநையென்று சிணுங்கும், கைமுட்டியை வாய்க்குள் திணிக்கும், சட்டை நனைய எச்சில் வடிக்கும். பார்க்க வந்த பெரியம்மா ஈறைத் தடவிவிட்டு, "பல்லு முளைக்குதுடி, அதான் இந்தப் பாடு" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான். காய்ச்சலுக்கும் பேதிக்கும் அதே பதிலைச் சொல்லும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 125 குழந்தைகளின் பெற்றோரைத் தினமும் குறிப்பெழுதச் சொல்லி, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். பல் வெளிவருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, வந்தபின் மூன்று நாள் வரைதான் தொந்தரவு. கடிப்பது, எச்சில், சிணுங்கல், காதைத் தேய்ப்பது, சோற்றை ஒதுக்குவது, உடம்பு லேசாகச் சுடுவது எல்லாம் அந்த நாட்களில் கூடின. கடும் காய்ச்சலுக்கும் வாந்திக்கும் பேதிக்கும் பல்லோடு தொடர்பே தெரியவில்லை.

பிறகு ஏன் ஊரெல்லாம் அப்படி நம்புகிறது? தாயிடமிருந்து கிடைத்த நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வரும் பருவம் இது. குழந்தை தவழத் தொடங்குகிறது. தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குப் போகிறது. கிருமி உள்ளே நுழையும் மாதங்களும் பல் முளைக்கும் மாதங்களும் ஒன்றாக அமைந்துவிட்டன.

இந்தப் பழிக்கு உலகம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1839இல் இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகளுக்குக் காரணம் 'பல் முளைத்தல்' என்று எழுதியிருக்கிறார்கள். ஈறைக் கத்தியால் கீறி வைத்தியம் பார்த்தார்கள். பாதரசம் கலந்த பல்பொடியைக் கொடுத்து, கைகால் சிவந்து துடிக்கும் நோயை வரவழைத்தார்கள். அந்தப் பொடிகள் பிரிட்டனில் 1950களில்தான் ஒழிந்தன. பழைய கதை என்று தள்ளவும் முடியாது. நைஜீரியாவில் 2008இல் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்றே விற்ற சிரப் ஒன்றில் நச்சு ரசாயனம் கலந்துபோய், எண்பதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் இறந்தன.

ஆகவே வெப்பமானி 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் பல்லை மறந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். பேதி என்றால் உடனே ஓ.ஆர்.எஸ். கொடுக்கத் தொடங்குங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, கண் உள்வாங்கினாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இனி, உண்மையிலேயே பல்தான் என்றால்? நன்றாகக் கழுவிய விரலால் ஈறை மெல்ல அழுத்தித் தடவிவிடுங்கள். உள்ளிருந்து முட்டும் பல்லுக்கு வெளியிலிருந்து கிடைக்கும் அழுத்தம் இதமாக இருக்கும். முகம் தெளிவதை நீங்களே பார்ப்பீர்கள். சுத்தமான வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ஃபிரிட்ஜில் சற்று நேரம் வைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். ரப்பர் டீத்தரும் அப்படியே. ஃபிரீசரில் வைத்துக் கல்லாக்கினால் ஈறு புண்ணாகும். எச்சிலை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தாடையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் சிவக்காது. இரவில் அழுகை அடங்கவே இல்லையென்றால், எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்கலாம்.

ஈறை மரக்கவைக்கும் பென்சோகைன் ஜெல் வேண்டவே வேண்டாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குலைத்துவிடக்கூடும். இரண்டு வயதுக்குக் கீழே அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. ஒரு வயது ஆகும்வரை தேனும் கூடாது. வசம்பு வளையலைக் கடிக்க விடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நூல் அறுந்தால் அந்தத் துண்டு நேரே தொண்டைக்குள் போய்விடும். கழற்றி வைத்துவிடுங்கள்.

பால் குடிக்கும்போது வெடுக்கென்று கடிக்கிறதே என்று கண்கலங்கும் தாய்மார்கள் நிறைய. வலியில் குழந்தையை இழுத்துப் பிரித்தால் காம்பு கிழியும். பதிலாக, சுண்டுவிரலைக் கடைவாய் ஓரமாக நுழைத்துப் பிடியைத் தளர்த்துங்கள். பசியோடு உறிஞ்சும்போது குழந்தையின் நாக்கு கீழ்ப்பல்லை மூடியிருப்பதால் கடிக்க முடியாது. வயிறு நிறைந்து விளையாடத் தொடங்கும்போதுதான் கடி விழும். உறிஞ்சல் மந்தமானதும் எடுத்துவிட்டால் போதும், இதற்காகப் பாலை மறக்கடிக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் முதல் பல்லுக்கு ஒரு கொண்டாட்டமே உண்டு: தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்துப் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். உங்கள் வீட்டிலும் செய்யுங்கள். அன்றைக்கே அந்தச் சின்னப் பல்லைத் துலக்கவும் தொடங்கிவிடுங்கள். எந்த பிரஷ், எவ்வளவு பேஸ்ட் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)